வராத பம்ப்புக்குக் கட்டிய மேடை

ஜூன் 9

பம்ப் சோதனைக்கூடத்தில் நான்கு வருஷம் லாக் புக் எழுதிய கை இது. நாள், நேரம், ரீடிங், கையெழுத்து. இங்கே ரீடிங் எடுக்க ஒன்றும் கிடையாது. ஆனாலும் நோட்டு வாங்கிவிட்டேன்.

லபுவான் சின்னத் தீவு. போர்னியோவை ஒட்டி இருக்கிறது, மலேசியாவுக்குச் சொந்தம். காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி முடித்துவிடலாம். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே கம்பெனி பதிவு செய்தால் வரி குறைவு. அதற்காகத்தான் சின்னவர் என்னை அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிறது எங்கள் பம்ப் கம்பெனி. பெரியவர் தொடங்கியது, இப்போது அவர் மகன் சின்னவர் கையில். இனிமேல் பம்ப் தூத்துக்குடியிலிருந்து நேராகக் கென்யாவுக்குப் போகும். காகிதம் மட்டும் இந்தத் தீவு வழியாகப் போகும். லாபம் இங்கே இறங்கிக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம்.

"நான் மெக்கானிக்கல் படிச்சவனுங்க சார். அக்கவுன்ட்ஸ் ஆளை அனுப்பலாமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"அக்கவுன்ட்ஸ்காரன் போனா கணக்குக் கம்பெனிம்பாங்க. எஞ்சினியர் போனாத்தான் பம்ப் கம்பெனிம்பாங்க. போயிட்டு வா பிரகதீசு."

கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

ஜூன் 12

கம்பெனிகளைப் பதிவு செய்துகொடுக்கும் ஏஜென்சியில் மிஸ் லோ என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். கணினியைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசுகிறாள். பதிவு சுலபம், வரிச் சலுகைதான் கஷ்டம் என்றாள். பெயர்ப்பலகை மட்டும் மாட்டினால் போதாதாம். அறை வேண்டும். இரண்டு முழுநேர ஊழியர்கள் தீவிலேயே இருந்து வேலை பார்க்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

"ஒருவர் நீங்கள். இன்னொருவர் உள்ளூர் ஆளாக இருந்தால் நல்லது."

"அவருக்கு என்ன வேலை கொடுப்பது?"

மிஸ் லோ முதன்முறையாகக் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "அது உங்கள் கம்பெனி விஷயம்."

சின்னவரிடம் போனில் சொன்னேன். "உக்கார ஒரு ஆளுதானே? புடிச்சுப்போடு" என்றார்.

ஜூன் 13

ஆபிசுக்கென்று ஒரு அறை வாடகைக்குப் பிடித்து, கொண்டுவந்த பம்ப்பை மேசைமேல் வைத்தேன். பாதியாக வெட்டி, உள்ளே சிவப்புப் பெயின்ட் அடித்த கண்காட்சிப் பம்ப். தண்ணீர் இறைக்காது. பார்க்க நன்றாக இருக்கிறது.

ஜூன் 16

எதிர்க்கரையைப் பார்க்கலாம் என்று படகுத்துறைக்குப் போனேன். பத்தரைப் படகு பத்து இருபதுக்கே கிளம்பிவிட்டது. டிக்கெட் கவுண்டரில் ஆங்கிலத்தில் கத்தினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் நிதானமாகத் தமிழில் சொன்னார்:

"கத்தாத தம்பி. ஆளு ரொம்பிருச்சி, படகு போயிருச்சி. அடுத்தது பதினொன்னரைக்கு. பசியாறிட்டியா?"

"நான் தமிழ்னு எப்படித் தெரிஞ்சது?"

"பாக்கெட்ல மூனு பேனா, வெயில்ல குடை, செருப்புக்கு சாக்ஸு. வேற யாருலா?"

பெயர் கோகிலவாணி. வயது நாற்பத்தாறு. தீபகற்ப மலேசியாவில் ஈப்போ பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தாராம். கணவர் கப்பல் பட்டறையில் வெல்டர், இறந்து ஏழு வருஷம் ஆகிறது. கவுண்டரில் பதினாறு வருஷம். மலாய், ஆங்கிலம், கொஞ்சம் சீனம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டார். இன்டர்நேஷனல் கம்பெனி ஆரம்பிக்கிறோம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போல. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆளு எடுக்கறீங்களா?"

ஜூன் 20

ஆபிசுக்கு வந்தார். வெட்டிய பம்ப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே விரல் விட்டு, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து நேராகக் கேட்டார்.

"இது நெசமான கம்பெனிதானே தம்பி? இங்க நெறைய பேரு பலகைய மாட்டிட்டு ஓடிருவாங்க. நான் பதினாறு வருச வேலைய வுட்டுட்டு வரணும். போய்ட்டா அந்த சீட்டு திரும்பக் கெடைக்காது."

"நாப்பது வருஷக் கம்பெனிங்க அக்கா. ஆயிரம் பேரு வேலை செய்யறாங்க" என்றேன்.

ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "டிக்கெட் கிழிச்சிக் கிழிச்சி அலுத்துப்போச்சி. யாரு எங்க போறாங்கன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நானும் போயி ஏதாச்சும் வித்துப் பாக்கணும்லா."

வேலை நியமனக் கடிதத்தில் 'விற்பனை வளர்ச்சி அலுவலர்' என்று போடச் சொன்னாள் மிஸ் லோ. போட்டேன்.

ஜூன் 30

படகுத்துறையில் அவருக்குக் கடைசி நாள். கேக் வெட்டினார்கள். படகுக்காரர்கள் வரிசையாக ஹாரன் அடித்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார். ஒரு கிழவர் என் கையைப் பிடித்து மலாயில் ஏதோ சொன்னார். "நல்லா பாத்துக்கணுமாம்" என்று சிரித்தார் கோகிலவாணி அக்கா.

எனக்கு வேறு வேலை இருந்தது. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

வேறு வேலை இல்லை.

ஜூலை 2

என்ன செய்யட்டும் என்று கேட்டார். கேட்லாக்கைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இருநூறு பக்கம். இரண்டு வாரம் தாங்கும்.

ஜூலை 4

படித்து முடித்துவிட்டார்.

ஜூலை 8

காலையில் ஆபிசில் ஆளைக் காணோம். மாலை ஐந்து மணிக்கு வந்தார். செருப்பெல்லாம் சேறு. கையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பதுபோல ஒரு நோட்டு.

"அக்கரைக்கு, மெனும்போக்குக்குப் போனேன். படகுக்காரனுங்க காசு வாங்க மாட்டேன்னுட்டானுங்க. அங்கேர்ந்து வாடகைக் காடி புடிச்சி உள்ளாற. பாக் ஜாமில்னு ஒருத்தரு, வாராவாரம் எங்கிட்ட டிக்கெட் எடுக்கறவரு. கொடுவா மீன் வளக்கறாரு, நாலு கொளம். டீசல் பம்ப் கெழடு தட்டிப்போச்சாம். ஆத்துத் தண்ணி நேரத்துக்கு மாத்தலன்னா மீனு பூரா மெதந்துருது. நான் சொல்லிட்டு வந்திருக்கேன், எங்க கம்பெனி பம்ப் இருக்குன்னு. எதுன்னும் பாத்துட்டேன்."

கேட்லாக்கில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். பார்த்தேன். ஆழ்குழாய்க் கிணற்றுப் பம்ப். நூறு மீட்டர் ஆழத்திலிருந்து தூக்குவது.

"இதுதான் இருக்கறதுலயே பெரிய நம்பரு" என்றார்.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'அக்கா, நாம் யாருக்கும் பம்ப் விற்கப் போவதில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எனக்கு எரிச்சல் வந்தது. தப்பான பம்ப்பைத் தேர்ந்தெடுத்தால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும்.

"பெரிய நம்பர் பார்த்து எடுக்கறதுக்கு இது என்ன தீபாவளித் துணியா? மூணு நாலு மீட்டர் தூக்கறதுக்கு நூறு மீட்டர் பம்ப்பைப் போட்டா மோட்டார் புகைஞ்சுரும். ஆத்துக்கும் குளத்துக்கும் எவ்வளவு உயரம்? பைப் எவ்வளவு நீளம்? தண்ணி உப்பா?"

"கேக்கலியே."

"கேக்காம எப்படிப் பம்ப் சொல்லுவீங்க?"

அவர் கோபப்படவில்லை. நோட்டைத் திறந்து, நான் கேட்டதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டார்.

ஜூலை 10

மறுபடி போய் அளந்துகொண்டு வந்துவிட்டார். டேப் வாங்கி, தானே ஆற்றில் இறங்கி. உயரம் நாலு மீட்டர், பைப் எழுபது மீட்டர், நாலு வளைவு, கொஞ்சம் உப்பு. மதியம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பைப் உராய்வையும் சேர்த்து மொத்தம் ஏழு மீட்டர், நொடிக்கு இருபது லிட்டர், வெண்கல இம்பெல்லர். எங்களிடம் அதற்கென்றே ஒரு மாடல் இருக்கிறது. எத்தனை உயரத்துக்கு எத்தனை தண்ணீர் தள்ளும் என்ற அதன் கர்வ் எனக்கு மனப்பாடம். நான்தான் சோதனை செய்தது.

இந்தத் தீவுக்கு வந்தபின் இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 15

குளங்களை நேரில் பார்க்க அவரோடு போனேன். மிஸ் லோதான் சொன்னாள், களத்தில் எடுத்த போட்டோக்கள் ஃபைலுக்கு நல்லது என்று. அதற்காகத்தான் போனேன் என்று எழுதிக்கொள்கிறேன்.

பாக் ஜாமில் ஒல்லியான மனிதர், அறுபது இருக்கும். பேசுவது குறைவு. பழைய டீசல் பம்ப் விரிசல் விட்ட சிமென்ட் மேடையில் ஆடிக்கொண்டு ஓடியது. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. மட்டம் இல்லை, போல்ட் இரண்டு இல்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பம்ப் வருவதற்குப் பதினைந்து நாள் முன்பே மேடை போட்டுவிட வேண்டும். கான்கிரீட் இறுகினால்தான் போல்ட் பிடிக்கும். பம்ப் ஆர்டர் ஆனதும் முதலில் கம்பெனியிலிருந்து மேடை வரைபடம்தான் போகும்.

ஆர்டர் இல்லை. பம்ப் இல்லை. நான் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மேடையை வரைந்தேன். நீளம், அகலம், போல்ட் இடைவெளி, எல்லாம் மில்லிமீட்டரில்.

"பழசை உடைச்சுட்டு இதே இடத்துல போடச் சொல்லுங்க" என்றேன்.

அக்கா மலாயில் சொன்னார். பாக் ஜாமில் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 16

சின்னவர் போன் செய்தார். போட்டோக்கள் பிரமாதம் என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கே ஒருவருக்கு நம் பம்ப் ஒன்று அனுப்பலாமா என்று கேட்டேன்.

"ஏப்பா, உக்கார ஆள் வைக்கச் சொன்னா நீ ஓடற ஆளா வெச்சிருக்கறே? ஒத்தைப் பம்ப்பை அங்க அனுப்பிப்போட்டு சர்வீசுக்கு யாரு போறது? அங்க நாம ஒண்ணும் விக்க வேண்டாம். அந்தம்மாவ ஆபிசுல இருக்கச் சொல்லு. அதிகாரி வந்து போகட்டும்."

"மேடை போடச் சொல்லிட்டேனுங்க."

"மேடைதானே? மீன்காரன் அது மேல உக்காந்து காத்து வாங்கட்டும்."

நான் சிரித்தேன். சிரித்தது என்னமோ நிஜம். இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 17

அக்காவிடம் இன்று சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 18

சொல்லவில்லை.

ஜூலை 22

அக்கா போனை நீட்டினார். பாக் ஜாமில் அனுப்பிய படம். பழைய மேடை உடைந்து கிடக்கிறது. டீசல் பம்ப் ஓரமாகத் தார்ப்பாய்க்கு அடியில். புதுக் குழியில் கம்பி கட்டியிருக்கிறது, சதுரமாக, என் வரைபடம் மாதிரியே.

"எவ்ளோ அழகா கட்டியிருக்காரு பாரு. பம்ப் வர்ற வரைக்கும் தம்பிகிட்டேர்ந்து சின்ன பம்ப் எரவலு வாங்கிருக்காராம். ஒரு மாசம்தான் குடுப்பானாம். அதுக்குள்ள வந்துரும்தானே?"

"வந்துரும்."

ஜூலை 25

அம்மா போன் செய்தாள். "கண்ணு, வெளிநாட்டுல நீதான் கம்பெனியையே நடத்தறேன்னு உங்கப்பா டீக்கடை பூராச் சொல்லியாச்சு. இன்னைக்கு என்ன வேலை செஞ்சே?"

லைன் சரியில்லை என்றேன்.

ஜூலை 31

அக்காவுக்கு இதுவரை பதினோரு இடம். ஒரு பள்ளி விடுதி, இரண்டு மீன்பண்ணை, வெள்ளம் வரும் ஒரு கோழிப்பண்ணை, இப்படி. எல்லாவற்றுக்கும் உயரம், நீளம், வளைவு என்று நோட்டில் அளந்து எழுதியிருக்கிறார். தப்பே இல்லை. எங்கள் கோயம்புத்தூர் விற்பனை ஆட்களில் பாதிப் பேருக்கு இது வராது. பாராட்டினேன்.

"என்னா இன்னைக்கு நல்லவனா இருக்கே? ஒடம்பு சரியில்லயா?" என்றார்.

ஆகஸ்ட் 4

"பம்ப் எப்ப வருது? பாக் ஜாமில் கேக்கறாரு."

கப்பல் தாமதம் என்றேன்.

"கப்பலு பேரு என்னா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "எம்.வி. பவானி" என்றேன். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆறு. வாயில் வந்தது அதுதான்.

"பவானி. நல்ல பேரு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். "துறைமுகத்துல நம்ம பசங்க இருக்கானுங்க. கேட்டுப் பாக்கறேன்."

ஆகஸ்ட் 6

அக்கா இன்று கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. நிம்மதி.

ஆகஸ்ட் 8

இன்றும் கேட்கவில்லை. வெளியிலும் போகவில்லை. மேசையில் உட்கார்ந்து நோட்டில் இருந்த அளவு, என் கணக்கு எல்லாவற்றையும் இடத்துக்கு ஒரு வெள்ளைத்தாளாக நகல் எடுத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதானே இருக்கேன்" என்றார். பசியாறிட்டியா என்று காலையில் கேட்பார். இரண்டு நாளாகக் கேட்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்னவோ.

ஆகஸ்ட் 14

அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். மிஸ் லோவும் கூட வந்தாள். நான் லேப்டாப்பில் முப்பது ஸ்லைடு தயாரித்து வைத்திருந்தேன். மூன்றாவது ஸ்லைடிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்கள் இங்கே என்ன வேலை செய்கிறீர்கள்?"

நான் லேப்டாப்பை மூடினேன்.

அக்கா நோட்டைத் திறந்தார். பதினோரு இடத்தையும் சொன்னார். எந்தத் தேதி, எந்தப் படகு, ஆறு எத்தனை ஆழம், விடுதியில் எத்தனை பிள்ளைகள், கோழிப்பண்ணையில் போன வருஷம் எதுவரை வெள்ளம் வந்தது. ஆழ்குழாய்ப் பம்ப்பைக் குளத்துக்குப் போட்டால் ஏன் மோட்டார் புகையும் என்று அந்த மனிதருக்கே விளக்கினார். நான் திட்டியதை அப்படியே, தீபாவளித் துணி வரைக்கும். அதிகாரி சிரித்துவிட்டார். இருபது நிமிஷம் என்று நினைத்து வந்தவர் ஒன்றரை மணி நேரம் இருந்தார்.

போகும்போது என் கையைக் குலுக்கினார். "இந்தத் தீவில் உண்மையாக வேலை செய்யும் கம்பெனியைப் பார்ப்பது சந்தோஷமாக இருக்கிறது."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். நான் கழுவுகிறேன் என்றேன். காதில் விழாத மாதிரி இருந்தார்.

ஆகஸ்ட் 18

ஒப்புதல் வந்துவிட்டது. சின்னவர் ஆபிசில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தாராம். "அந்தம்மா கெட்டிக்காரி. சம்பளத்தைப் போட்டுட்டே இரு. ஆனா ஊர் ஊராப் போறத நிறுத்தச் சொல்லிப்போடு. சும்மா உக்காந்தாப் போதும்."

ஆகஸ்ட் 19

சொன்னேன். ஆபிசில், காலை பத்து மணிக்கு, கதவைச் சாத்திவிட்டு. பம்ப் வராது. எப்போதும் வருவதாக இல்லை. இங்கே எதையும் விற்பதற்காகக் கம்பெனி தொடங்கவில்லை. அதிகாரியிடம் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு முதலிலேயே தெரியும்.

ஒரே மூச்சில் சொன்னேன். சுருக்கமாகச் சொன்னால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன்.

"பவானின்னு கப்பலே கெடையாது" என்றார் அக்கா. "அன்னிக்கு சாயங்காலமே தெரியும். துறைமுகத்துல சிரிச்சானுங்க. பதினாறு வருசம் படகுத்துறையில இருந்தவகிட்டப் போயி கப்பலு பேரு சொல்றியே தம்பி. வேற பொய்யே கெடைக்கலியா?"

"அப்புறம் ஏன் அதிகாரிகிட்ட..."

"நான் என்னா பொய்யா சொன்னேன்? என்னா வேல பாக்கறேன்னு கேட்டாரு. பாத்தத சொன்னேன். ஒன்னைய கேட்டிருந்தா நீதான் முழிச்சிருப்பே." மேசைமேல் இருந்த நோட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "நீயா வந்து சொல்லுவியான்னு பாத்தேன். பதினஞ்சு நாளாச்சி ஒனக்கு."

மகா மட்டமான ஒன்றைச் சொன்னேன். "சம்பளம் மாசாமாசம் வந்துரும் அக்கா. நீங்க சும்மா வந்து உக்காந்தாப் போதும்."

"கவுண்டர்லயும் உக்காந்துதான் இருந்தேன். ஆனா டிக்கெட் குடுத்தேன்லா. வாங்கினவன் அக்கரைக்குப் போய்ச் சேந்தான்."

பையை எடுத்துக்கொண்டார். கதவருகில் நின்று திரும்பினார்.

"சனிக்கெழம ஏழரைப் படகு. பாக் ஜாமில்கிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

ஆகஸ்ட் 23

படகில் அக்கா முன் இருக்கையில், நான் பின்னால். படகுக்காரர்கள் அவரிடம் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். நல்லா போகுது என்றார்.

மேடை முடிந்திருந்தது. நான் பார்த்ததிலேயே நேர்த்தியான மேடை. ஓரமெல்லாம் பூசி, நான்கு போல்ட்டும் துணி சுற்றி எண்ணெய் தடவி, துரு ஏறாமல். அதன்மேல் சின்ன ஓலைக்கூரை வேறு, பம்ப் நனையாமல் இருக்க. நான் வரைந்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரைக் கம்பில் கட்டியிருந்தார் பாக் ஜாமில்.

இரவல் பம்ப்பைத் தம்பி அன்று காலைதான் திரும்ப எடுத்துப்போயிருந்தார். முதல் குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். பாக் ஜாமில் அக்காவைப் பார்த்தார்.

"எனக்கு வாய் வலிக்குது" என்றார் அக்கா தமிழில். "நீயே சொல்லு."

எனக்குத் தெரிந்த மலாய் மொத்தமே முப்பது வார்த்தை இருக்கும். சோறு, தண்ணீர், எவ்வளவு, நன்றி. அதில் 'இல்லை' தெரியும். பொய் என்பதற்கு 'போஹோங்' என்று படகில் கேட்டு வைத்துக்கொண்டேன். நல்லவேளை, வேறு வார்த்தை தெரியாது. தெரிந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருப்பேன்.

"பம்ப் இல்லை" என்றேன். "கப்பல் இல்லை. நான் பொய்." என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அக்காவைக் காட்டி, "அவர் பொய் இல்லை" என்றேன்.

பாக் ஜாமில் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். அக்கா இப்போது மொழிபெயர்த்தார்.

"பழச ஒடைக்காம இருந்திருந்தா ஓடிக்கிட்டு இருந்திருக்கும்ங்கறாரு."

அவ்வளவுதான் அவர் சொன்னது.

நான் சட்டையைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயை விலக்கினேன். பழைய பம்ப்பின் கால்கள் என் மேடையின் போல்ட்டுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாது. என் மில்லிமீட்டர்கள் அத்தனை துல்லியம். ஊருக்குள் போய் ஒரு பட்டறையில் இரண்டு இரும்புச் சேனல் சட்டம் வாங்கி, துளை போட்டு, மேடைக்கும் பம்ப்புக்கும் நடுவே வைத்து முடுக்கினேன். பம்ப்பின் தண்டைச் சுற்றி ஒழுகிக்கொண்டிருந்த இடத்தில் புது அடைப்புக் கயிறு வைத்தேன். நடுவில் பாக் ஜாமில் வந்து சாப்பிடக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். அவர் திரும்பக் கூப்பிடாமல் அங்கேயே நின்றார். போனேன். கொடுவா மீன் குழம்பு. தின்றேன். அவர் இரண்டாவது துண்டும் வைத்தார். அதையும் தின்றேன்.

மாலை நாலரைக்கு ஓடியது. நொடிக்கு ஒன்பது லிட்டர் இருக்கும். இருபது வேண்டும்.

அக்கா ஒரு வெள்ளைத்தாளை அவரிடம் கொடுத்தார். அன்று நகல் எடுத்துக்கொண்டிருந்தாரே, அதில் ஒன்று. மலாயில் அவரிடம் சொன்னதைத் தமிழிலும் சொன்னார்: "கோத்தா கினபாலு டவுனுல பம்ப் கடை இருக்கு. இந்தக் கணக்கக் காட்டினா எந்த கம்பெனி பம்ப்பா இருந்தாலும் எடுத்துக் குடுப்பான்." பிறகு என்னிடம், "கணக்காச்சும் நெசந்தானே?"

"நெசம்."

"நெசமா?"

"நெசம் அக்கா."

அவர் இரண்டாம் முறை கேட்டது இந்த நோட்டில் நான் எழுதிய எல்லாவற்றையும்விட மோசம்.

ஆகஸ்ட் 25

அக்கா ராஜினாமா. ஒரே வரி. படகுத்துறைக் கவுண்டரில் வேறொரு பெண் இருக்கிறாள். அக்கா இப்போது வரியில்லாக் கடை ஒன்றில் சாக்லேட் விற்கிறார், அதுவும் தற்காலிகம். மிஸ் லோ சொல்லித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 26

"யாரு அந்தம்மாகிட்டச் சொன்னது?" என்றார் சின்னவர்.

"தெரியலைங்க சார். அவங்களாவே போயிட்டாங்க."

குளக்கரையில் நெஞ்சைத் தொட்டுக் காட்டியவன் மூன்று நாளில் இதைச் சொன்னேன். யோசிக்கவே இல்லை. நாக்கு தயாராக இருந்தது.

"போனாப் போகட்டும். இன்னொரு ஆளப் புடிச்சுப்போடு. இந்தத் தடவை கொஞ்சம் சோம்பேறியாப் பாரு."

ஆகஸ்ட் 28

மிஸ் லோ ஒரு படிவம் அனுப்பினாள். ஊழியர் விலகினால் நிரப்புவது. பெயர், பதவி, தேதி, விலகிய காரணம். 'சொந்தக் காரணம் என்று போட்டால் போதும், எல்லோரும் அதைத்தான் போடுவார்கள்' என்று கீழே எழுதியிருந்தாள்.

மூன்று பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். முதல் ஆள் இன்று வந்தார். நல்ல படிப்பு. வேலை என்ன என்று கேட்டார். அக்கா கேட்டபோது சொன்ன பதிலே வாயில் வந்தது: நாற்பது வருஷக் கம்பெனி, ஆயிரம் பேர். பாதியில் நிறுத்தினேன். திங்கள்கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 29

காலை ஒன்பது மணி. காரணம் என்ற கட்டத்தில் தட்டினேன்: 'அவர் செய்த வேலையைக் கம்பெனி விரும்பவில்லை. இந்தக் கம்பெனி இங்கே எதையும் விற்கவில்லை, விற்கும் திட்டமும் இல்லை. அதிகாரி வந்தபோது இது எனக்குத் தெரியும், இந்த ஊழியர் பேசியதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.' கீழே என் முழுப்பெயர். மிஸ் லோவுக்கு அனுப்பினேன். அன்று வந்த அதிகாரிக்கும் ஒரு நகல்.

பத்து நிமிஷத்தில் மிஸ் லோ அழைத்தாள். அவள் குரல் உயர்ந்து முதல்முறை கேட்டேன். "தவறான கோப்பை அனுப்பிவிட்டீர்களா? அப்படியென்றால் உடனே சொல்லுங்கள், மாற்றிவிடலாம்."

"சரியான கோப்புதான்."

"உங்கள் முதலாளிக்கு நான் தெரிவிக்க வேண்டும்."

"தெரிவியுங்கள்."

இதை ஜூன் 20 அன்று செய்திருந்தால் அக்கா கவுண்டரில் இருந்திருப்பார், பழைய மேடையில் பம்ப் ஆடிக்கொண்டாவது ஓடியிருக்கும். இப்போது செய்ததால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது. அக்காவிடம் போய்ச் சொல்லவும் மாட்டேன். சொன்னால் சபாஷ் வாங்கப் போன மாதிரி ஆகிவிடும்.

சின்னவர் மூன்று முறை அழைத்துவிட்டார். 'தெரியலைங்க சார்' என்று சொல்லிப் பழகிய நாக்கு. அதை நம்பாமல், சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்: நான்தானுங்க சொன்னேன். அந்தம்மாகிட்டயும் நான்தான், அதிகாரிகிட்டயும் நான்தான்.

நான்காவது முறை அடிக்கிறது. எடுக்கிறேன்.